பெட்டி இல்லாத ஸ்பீக்கர்: வீட்டிலேயே செய்ய 40 குறிப்புகள்

பெட்டி கட்டாமல், ஒரே ஒரு பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்தி முன்னும் பின்னும் தாராளமாகப் பாட விடுவதுதான் ஓபன் பேஃபிள். பெட்டியின் முழக்கம் கலக்காமல் வீணையும் குரலும் வந்து விழும் அழகை ஒருமுறை கேட்டவர்கள் மறுபடி பெட்டி பக்கம் போக யோசிப்பார்கள். காசைக் கொட்ட வேண்டிய வேலையும் இல்லை இது. ஸ்பீக்கர், பலகையின் அகலம், வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே நிதானமாக முடிவு செய்தால் பாதிச் செலவு மிச்சம். செய்து பார்த்துப் பலன் கண்ட சின்னச் சின்ன உத்திகள் இதோ, உங்களுக்காக.

ஸ்பீக்கர் வாங்கும்போது

1. ஸ்பெக் ஷீட்டில் முதலில் க்யூ.டி.எஸ். (Qts) எண்ணைப் பாருங்கள்; கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்வது அது. 0.7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் திறந்த பலகைக்குக் கச்சிதம். 0.3, 0.4 என்று இருப்பவை போர்ட் வைத்த பெட்டிக்கானவை. பலகையில் மாட்டினால் பேஸ் மெலிந்துவிடும்.

2. பரணில் ஓடாத வால்வு ரேடியோ கிடக்கிறதா? பின்பக்கம் திறந்த பெட்டியில் பாடுவதற்கென்றே செய்த, லேசான காகிதக் கோன் ஸ்பீக்கர் அதில் இருக்கும். முதல் சோதனைக்கு அதைவிடத் தோதானது கிடைக்காது. பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

3. கார் சீட்டுக்குப் பின்னால் பொருத்தும் 6-க்கு 9 நீள்வட்ட ஸ்பீக்கர்கள் பலவும் பலகையில் நன்றாகவே பாடும்; இறுக்கமான பெட்டி இல்லாத இடத்துக்காகச் செய்யப்பட்டவை அவை. பெரும்பாலும் 4 ஓம்தான், அதனால் உங்கள் ஆம்ப் 4 ஓம் தாங்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

4. பேஸுக்கு விலையைவிடக் கோனின் பரப்புதான் முக்கியம். திறந்த பலகையில் 80 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வர வேண்டுமென்றால் கோன் 8 மடங்கு தூரம் ஆட வேண்டும். விலை உயர்ந்த 8 அங்குல ஊஃபர் ஒன்றுக்குப் பதில் சாதாரண 12 அங்குலம் இரண்டு வாங்கினால் காசும் மிச்சம், கோனும் திணறாது.

5. பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டினால் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு நான்கு விரல்களைக் கோனில் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள், சரசரவென்று உரசினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் யோசித்து வாங்குங்கள். நம் ஊர் வெக்கையிலும் கடற்கரை ஈரப்பதத்திலும் ஃபோம் சில வருடங்களிலேயே பொடிப்பொடியாகிவிடும். ரப்பர் அல்லது துணி வளையம் நீடித்து உழைக்கும்.

பலகை வேலை

7. பிளைவுட்டை வெட்டும் முன் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் பாருங்கள். இரண்டு அட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டாலே அகலம் போதுமா போதாதா என்பது புரிந்துவிடும். செலவு ஒரு பிளேடு மட்டும்தான்.

8. வீடு இடிக்கும் இடங்களில் பழைய கதவும் மேசைப் பலகையும் மலிவாகக் கிடைக்கும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் வளையாது, கனமாகவும் இருக்கும். ஆணிகளை எல்லாம் பிடுங்கிய பிறகே ரம்பத்தை வையுங்கள்.

9. எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு: ஸ்பீக்கரின் மையத்திலிருந்து பலகை ஓரம் வரை உள்ள செ.மீ. தூரத்தால் 5,800-ஐ வகுங்கள். 30 செ.மீ. என்றால் ஏறக்குறைய 190 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே, பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியை அழிப்பதால், ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் சத்தம் குறையும். திறந்த பலகை ஸ்பீக்கருக்காகப் பல காலம் உழைத்த எஞ்சினியர் ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வழியில் போடும் கணக்கு இது.

10. ஸ்பீக்கரை நட்டநடுவில் பொருத்தாதீர்கள். எல்லா ஓரமும் ஒரே தூரத்தில் இருந்தால் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் துருத்தும், இன்னொன்று காணாமல் போகும். இடம், வலம், மேல் மூன்று தூரமும் வேறு வேறாக இருக்கட்டும். இன்னொரு பலகையில் அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் போடுங்கள்.

11. 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று வாங்கினால் ஒரு ஜோடிக்கே போதும். நான்காக வெட்டினால் 4-க்கு 2 அடியில் நான்கு துண்டு: இரண்டு பலகைக்கு, மீதி இரண்டு இறக்கைக்கும் அடிப்பாகத்துக்கும். கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொன்னால் ஓரம் நேராக வரும், ஆட்டோவிலும் ஏற்றலாம்.

12. 18 மி.மீ. கனம் தாராளம். அதற்கு மேல் கனத்துக்குச் செலவு செய்வதைவிட, பின்பக்கம் ஒரு மரச்சட்டத்தைப் படுக்கையாக இல்லாமல் ஓரமாக நிறுத்தி ஒட்டுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொம்’ என்று நீளாமல் ‘டக்’ என்று நின்றால் சட்டம் சரியான இடத்தில் இருக்கிறது.

13. கனமான பலகையில் சின்ன ஸ்பீக்கர் மாட்டினால், ஓட்டையே குழாய் மாதிரி ஆகி அதன் மூச்சை அடைக்கும். ஓட்டையின் பின்விளிம்பை 45 டிகிரிக்குச் சரித்துச் சீவிவிடுங்கள். ஸ்க்ரூ பிடிக்கும் இடங்களில் மட்டும் மரத்தை விட்டுவைத்தால் பிடிமானம் குறையாது.

14. ஸ்பீக்கரை அடிக்கடி மாற்றிப் பார்க்கும் ஆசை இருந்தால், பலகையில் ஒரு அடிச் சதுரம் வெட்டிவிட்டு, அதன் மேல் தனித்துண்டு ஒன்றை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். அடுத்த ஸ்பீக்கருக்கு அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். ஊஃபருக்கு வெட்டி எடுத்த வட்டங்கள் ஸ்டாண்டின் கால்களுக்கு உதவும்.

15. மர ஸ்க்ரூவை நாலு தடவை கழற்றி மாட்டினால் பிளைவுட்டில் பிடிப்பு போய்விடும். ஹார்டுவேர் கடையில் டி-நட் கேளுங்கள். பின்பக்கமிருந்து அடித்துவிட்டால் ஆயுசுக்கும் கழற்றி மாட்டலாம்.

16. டிரில் வேலை எல்லாம் முடிந்த பிறகே ஸ்பீக்கரைக் கவரிலிருந்து எடுங்கள். இரும்புத்தூள் காந்தத்தின் இடுக்கில் புகுந்தால் எடுக்கவே முடியாது. ஸ்க்ரூ முடுக்கும்போது கோன் மேல் ஒரு கனத்த அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுத்துக் கோனில் குத்தவைத்துவிடும்.

17. ஸ்பீக்கர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் கதவு இடுக்குக்கு ஒட்டும் ஃபோம் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். காற்று கசியாது, கரகரப்பும் வராது. ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் ஃப்ரேம் கோணாது.

18. நிற்கும் பலகைக்குக் கனமான அடிப்பாகம் வேண்டும். கல் கடையில் மிஞ்சும் கடப்பாக்கல் துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கால்சட்டத்தின் மேல் வைத்துவிட்டால் குழந்தைகள் இடித்தாலும் பலகை சாயாது.

19. பேஸ் கொஞ்சம் போதவில்லை, ஆனால் பலகையை அகலப்படுத்த இடமில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்தில் இறக்கை வையுங்கள். கீல் போட்டு மாட்டினால் விரித்தும் மடக்கியும் கேட்டுப் பார்க்கலாம். செய்தி வாசிக்கும் ஆண் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் இறக்கை நீளம் அதிகம்.

20. ஊஃபருக்கு மட்டும் பெரிய பலகை வேண்டாம் என்பவர்கள், முன்னும் பின்னும் திறந்த, ஓர் அடி ஆழமுள்ள சட்டத்தின் நடுவே ஊஃபரை மாட்டலாம். மேலிருந்து பார்த்தால் ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். அந்த ஊஃபரை 150 ஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல் பாட விடாதீர்கள், சட்டத்துக்குள் ஒலி முழங்கும்.

வயரும் ஆம்பும்

21. பிளஸ், மைனஸ் அழிந்துபோன ஸ்பீக்கரா? 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்; உடனே சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துவிடுங்கள்.

22. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் தேவையில்லை. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. செம்பு வயரே நாலைந்து மீட்டர் தூரத்துக்குத் தாராளம். மிச்சமான காசை ஊஃபரில் போடுங்கள்.

23. 8 ஓம் ஊஃபர் இரண்டைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம், சீரிஸாக இணைத்தால் 16 ஓம். ஆம்ப் 4 ஓம் தாங்கும் என்றால் பேரலல்தான் லாபம், சத்தம் கூடும்.

24. ட்வீட்டருக்குக் கப்பாசிட்டர் தேடி அலைய வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் 4 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டன்சர் கேளுங்கள். 8 ஓம் ட்வீட்டருடன் சீரிஸில் போட்டால் சுமார் 5,000 ஹெர்ட்ஸிலிருந்து பாடும். ஓடின ஃபேனிலிருந்து கழற்றியதில் மின்சாரம் மிச்சம் இருக்கலாம், புதியதே வாங்குங்கள்.

25. பெரிய நான்-போலார் கப்பாசிட்டர் கிடைக்காவிட்டால், ஒரே அளவுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்து இணையுங்கள். 220 மைக்ரோஃபாரட் இரண்டு சேர்ந்தால் 110 ஆகும். பேஸ் முதல் உச்ச ஸ்தாயி வரை தானே பாடும் 8 ஓம் ஃபுல்-ரேஞ்ச் ஸ்பீக்கருக்கு இதைச் சீரிஸில் போட்டால், 180 ஹெர்ட்ஸ் சுமாருக்குக் கீழே உள்ள சுமை அந்தச் சின்ன ஸ்பீக்கரை விட்டு இறங்கிவிடும்.

26. ஃபுல்-ரேஞ்ச் ஸ்பீக்கரில் பெண் குரல் கத்துவதுபோல் இருக்கிறதா? 1 மில்லிஹென்றி காயிலையும் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரையும் ஒன்றோடொன்று பேரலலாகச் சேர்த்து, ஸ்பீக்கருக்குச் சீரிஸில் போட்டுப் பாருங்கள். இன்னும் அடங்கவில்லை என்றால் ரெசிஸ்டரைக் கூட்டுங்கள், மந்தமானால் குறையுங்கள்.

27. க்யூ.டி.எஸ். குறைந்த ஊஃபரை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? 1 அல்லது 2 ஓம், 20 வாட் ரெசிஸ்டரைச் சீரிஸில் போடுங்கள். மொத்தச் சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் கீழ் ஸ்தாயி எடுப்பாகத் தெரியும். ரெசிஸ்டர் சுடும், அதனால் மரத்தில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

28. டி.பி.ஏ. 3116 சிப் போட்ட ஆம்ப் போர்டு மலிவு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான கடைத்தெருக்களில் கேட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே அதற்குப் போதும். இந்தப் போர்டில் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள், போர்டு புகைந்துவிடும்.

29. 8 ஓம் ஊஃபரை 200 ஹெர்ட்ஸில் நிறுத்த 6.4 மில்லிஹென்றி காயில் வேண்டும்; அந்தச் செம்பின் விலைக்கு இன்னொரு ஆம்ப் போர்டே வந்துவிடும். ஊஃபருக்கு ஒன்று, மேல் ஸ்தாயி ஸ்பீக்கருக்கு ஒன்று என்று இரண்டு ஆம்ப் வைத்து, ஒலியைப் பிரிக்கும் வேலையை மினி டி.எஸ்.பி. போன்ற சின்னக் கருவியிடம் விடுங்கள். அளவை மாற்ற சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம்.

வைக்கும் இடம்

30. பின்சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பின்பக்க ஒலி சுவரில் பட்டுத் திரும்ப 6 மில்லி செகண்ட் ஆகும். அந்த இடைவெளி இருந்தால்தான் காது இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. கூடத்தின் நடுவில் நிற்கிறதே என்று வீட்டில் முணுமுணுத்தால், அடியில் பிரேக் வைத்த சக்கரம் மாட்டி, கேட்கும்போது மட்டும் சாக்பீஸ் குறிக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

31. பலகையின் பக்கவாட்டில் முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால், அந்தத் திசையில் சத்தம் மிகக் குறைவு. ஆகவே குறுகலான அறையிலும் பக்கச்சுவர் அருகே தைரியமாக வைக்கலாம். பலகையை உங்களைப் பார்த்துச் சற்றே திருப்பினால் பாடகர் நடுவில் வந்து நிற்பார்.

32. சோபாவில் உட்காருபவருக்கும் பாயில் உட்காருபவருக்கும் காது உயரம் வேறு. நீங்கள் வழக்கமாக எங்கே உட்கார்ந்து கேட்பீர்களோ அங்கே தரையிலிருந்து காது வரை டேப் பிடித்து, ட்வீட்டரை அந்த உயரத்தில் வையுங்கள். ஊஃபர் எவ்வளவு தரையோடு இருக்கிறதோ அவ்வளவு நல்லது, தரையே பலகையின் நீட்சியாக வேலை செய்யும்.

33. பின்சுவர் வெறும் சுவராக இருந்தால் புத்தக அலமாரியை அங்கே நகர்த்துங்கள். ஏறியும் இறங்கியும் இருக்கும் புத்தகங்கள் பின்பக்க ஒலியைச் சிதறடிக்கும். கனத்த திரையால் முழுதும் மூடிவிட்டால் திறந்த பலகையின் கலகலப்பே போய்விடும்.

34. எங்கிருந்தோ ‘கிர்ர்’ என்று வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் ஸ்டீல் பீரோவைத் தொட்டுப் பாருங்கள். மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 30-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றினால், பீரோ கைப்பிடியா, ஷோகேஸ் கண்ணாடியா, எவர்சில்வர் தட்டா என்று பிடித்துவிடலாம்.

கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய

35. ஈக்வலைஸரில் பேஸைத் தூக்கும்போது கண்ணைக் கோன் மேல் வையுங்கள். 35 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிவிட்டால் கோன் வீணாக ஆடாது, ஊஃபரும் பிழைக்கும். அதற்கும் கீழே வேண்டுமென்றால் பெட்டி வைத்த சப்-ஊஃபர் ஒன்று துணைக்கு இருக்கட்டும்.

36. அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஆர்.இ.டபிள்யூ. என்ற மென்பொருள் இலவசம், ஒரு யு.எஸ்.பி. மைக் மட்டும் வாங்கினால் போதும். ஸ்பீக்கரைக் காற்றடிக்காத மாலையில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் அளந்தால், அறைச் சுவர்களின் எதிரொலி கலக்காமல் ஸ்பீக்கரின் நிஜக் குணம் தெரியும்.

37. பழகின ஒலியை வைத்தே சோதியுங்கள். மிருதங்கத்தின் தொப்பி நாதம் வீங்காமல் கும்மென்று வந்து நின்றால் பேஸ் அளவு சரி. தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் நடு ஸ்தாயியும் சரி.

38. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ரெசிஸ்டர் அளவு, சுவர் தூரம், இறக்கைக் கோணம் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து, மொபைலில் படமும் எடுத்து வைத்தால், முந்தைய நிலைக்குத் திரும்ப அஞ்சு நிமிஷம் போதும்.

பராமரிக்க

39. பின்பக்கம் திறந்திருப்பதால் பல்லியும் குளவியும் குடியேற இடம் தேடும். காந்தத்துக்குப் பின்னால் மண்கூடு கட்டிவிட்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. பழைய கொசுவலையை அளவாக வெட்டி வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். முன்பக்கத்துக்கு மெல்லிய பழைய பருத்திப் புடவை. வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று தாராளமாக வர வேண்டும், அதுதான் சோதனை.

40. காகிதக் கோனில் சின்னக் கிழிசல் விழுந்தால் உடனே புது ஸ்பீக்கர் வாங்க ஓடாதீர்கள். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, டிஷ்யூ பேப்பர் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். கையோடு பலகையின் வெட்டு ஓரங்களுக்கும் இரண்டு கோட் ப்ரைமர் அடித்துவிட்டால் மழைக்காலத்தில் பிளைவுட் ஊதாது.

நாற்பதையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை 7-ஆவது குறிப்பிலிருந்து தொடங்குங்கள்: ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பழைய ஸ்பீக்கரும் கைவசம் இருந்தால் போதும், சாயங்காலத்துக்குள் பாட்டு கேட்டுவிடலாம். உங்கள் வீட்டில் பலித்த உத்திகளைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஓட்டை வெட்டும் ஜிக்சா ரம்பத்தை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் அதிலும் பாதிக் காசு மிச்சம்!